பொண்ணை கேர்ள் ஸ்கவுட்ஸ்ல சேர்க்கலாமா? பே ஏரியா தமிழ் அப்பா அம்மாக்கள் அடிக்கடி கேக்கற கேள்விகள்

கேர்ள் ஸ்கவுட்ஸ்னா அமெரிக்கால பொண்ணுங்களுக்கான சாரணியர் அமைப்பு. ஸ்கூல் திறந்து ரெண்டு வாரம் ஆனா போதும், அதைப் பத்தி வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சுடும். "உங்க ட்ரூப்ல இடம் இருக்கா", "குக்கி கட்டாயம் விக்கணுமா", "டென்ட்ல படுக்க வெப்பாங்களாமே". ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்டை போச்சு, அதான் மொத்தமா எழுதி வெச்சுடலாம்னு. நான் இங்க ஒரு ட்ரூப்புக்கு, அதாவது பொண்ணுங்க குழு ஒண்ணுக்கு, லீடரா இருக்கேன், கவுன்சில் (ஒரு பகுதில இருக்கற ட்ரூப்பையெல்லாம் நிர்வகிக்கற அமைப்பு) சார்பா எல்லாம் பேசலை, ஒரு அம்மாவா எனக்கு தெரிஞ்சதை சொல்றேன். இதுல இருக்கறது பெரும்பாலும் கேர்ள் ஸ்கவுட்ஸ் ஆஃப் நார்தர்ன் கலிஃபோர்னியா பத்தி. கில்ராய்ல ஆரம்பிச்சு ஆரிகன் பார்டர் வரைக்கும் 19 கவுண்டி அவங்க கீழ வருது. டெக்ஸஸ், நியூ ஜெர்சில இருக்கறவங்களுக்கு அடிப்படை எல்லாம் இதேதான், குக்கி விலை, தேதி, கேம்ப் மாதிரி விஷயங்கள் அவங்கவங்க கவுன்சிலுக்கு ஏத்த மாதிரி மாறும்.

நம்ம ஊர் ஸ்கூல்ல இருந்த ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ்தானே இது?

வேர் ஒண்ணுதான். நம்மள்ல நிறைய பேர் ஸ்கூல்ல புல்புல்லயோ கைட்ஸ்லயோ இருந்திருப்போம், ஸ்கார்ஃப் கட்டிக்கிட்டு வெயில்ல பரேடுக்கு நின்னது, முடிச்சு போட கத்துக்கிட்டது எல்லாம் ஞாபகம் இருக்கும். ரெண்டுமே பேடன் பவல் ஆரம்பிச்ச இயக்கத்துலேருந்து கிளைச்சதுதான். அதனால மூணு விரல் சல்யூட், இடது கை குலுக்கறது எல்லாம் பாத்தா உங்களுக்கு புதுசா இருக்காது. இலங்கைலேருந்து வந்தவங்களுக்கும் அப்படித்தான், அங்க 1917லயே கண்டில ஆரம்பிச்சாச்சு.

ஆனா நடத்தற விதம் வேற. ஊர்ல ஸ்கூல்தான் நடத்தும், ஒரு டீச்சர் பொறுப்பா இருப்பாங்க, நமக்கு ஃபீஸ் கட்டறதோட வேலை முடிஞ்சது. இங்க ஸ்கூலுக்கும் இதுக்கும் நேரடி சம்பந்தம் கிடையாது, மீட்டிங் போட ஸ்கூல் ரூம் குடுப்பாங்க, அவ்ளோதான். நடத்தறது பூரா அப்பா அம்மாக்கள். இதை மட்டும் முதல்லயே மண்டைல ஏத்திக்கிட்டா பாதி குழப்பம் போயிடும்.

ஆரம்பிச்சவங்க கதை சுவாரசியமானது, ரெண்டு வரி சொல்லிடறேன். ஜூலியட் கார்டன் லோ, ஜார்ஜியால சவானாங்கற ஊர்க்காரங்க. 1886ல அவங்க கல்யாணத்துல வாழ்த்தி தூவின அரிசில ஒண்ணு காதுக்குள்ள போய் சீழ் வெச்சு அந்த காது கேக்காமலே போயிடுச்சு, இன்னொரு காது ஏற்கனவே ஒரு தப்பான வைத்தியத்துல அரைகுறை. (நம்ம கல்யாணத்துல அட்சதை போடறப்போ எனக்கு இப்பல்லாம் இதான் ஞாபகம் வருது.) புருஷனோட வாழ்க்கையும் சரியா அமையலை, அவர் போன பிறகு சொத்துக்கு சண்டை போட வேண்டியிருந்தது. 1911ல இங்கிலாந்துல பேடன் பவலை பாத்து, அடுத்த வருஷம் ஊருக்கு திரும்பி வந்து 1912 மார்ச் 12ல 18 பொண்ணுங்களோட ஆரம்பிச்சாங்க. அப்ப அவங்களுக்கு 51 வயசு. அமெரிக்கால பொம்பளைங்களுக்கு நாடு முழுக்க ஓட்டுரிமை வர இன்னும் எட்டு வருஷம் இருந்த காலம் அது.

எந்த வயசுல சேர்க்கலாம்?

கிண்டர்கார்டன்லேருந்து பன்னெண்டாவது வரைக்கும் எப்ப வேணா. வகுப்பை பொறுத்து பேர் மாறும். கிண்டர், ஒண்ணாவது படிக்கறவங்க டெய்சி. ரெண்டு மூணு பிரவுனி. நாலு அஞ்சு ஜூனியர். ஆறு ஏழு எட்டு கடெட். ஒம்பது பத்து சீனியர். கடைசி ரெண்டு வருஷம் அம்பாசடர். டெய்சிக்கு நீல வெஸ்ட் (யூனிஃபார்மா மேல போட்டுக்கற கையில்லாத கோட்டு), பிரவுனிக்கு பிரவுன், ஜூனியருக்கு பச்சை, அதுக்கு மேல எல்லாருக்கும் காக்கி.

ஆறாவதுல சேர்ந்தா லேட்டா ஆயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க. சொல்லப்போனா எட்டு ஒம்பது வயசுல சேர்ற குழந்தைங்க சீக்கிரம் ஒட்டிக்கறாங்க, ஏன்னா அவங்களே கேட்டு வந்திருப்பாங்க. டெய்சில பாதி குழந்தைங்க அம்மா ஆசைக்கு வந்ததுங்க.

செலவு எவ்ளோ ஆகும்?

வருஷ மெம்பர்ஷிப் ரொம்ப நாளா 25 டாலர்தான் இருந்தது. 2024ல தேசிய அளவுல ஓட்டெடுத்து ஏத்திட்டாங்க, முதல்ல 45, அதுக்கு அடுத்த வருஷம் 65. வருஷம்ங்கறது அக்டோபர் 1லேருந்து செப்டம்பர் 30. இதுக்கு மேல வெஸ்ட், பேட்ஜ், ட்ரூப் சந்தா. சந்தா ட்ரூப்புக்கு ட்ரூப் மாறும், பொண்ணுங்க குக்கி வித்துத்தான் ட்ரூப்புக்கு பணம் சேர்ப்பாங்க, அது நல்லா வித்தா சந்தாவே வாங்காத ட்ரூப்பும் உண்டு. பணம் கஷ்டம்னா கவுன்சில்ல உதவி கேக்கலாம், ரெஜிஸ்டர் பண்ற இடத்துலயே அதுக்கு வழி இருக்கும். லே ஆஃப் ஆகி சில குடும்பம் சத்தமில்லாம நின்னுடறாங்க, வேண்டாம், கேளுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

பரதநாட்டிய க்ளாஸ் ஒரு மாச ஃபீஸை விட இது ஒரு வருஷத்துக்கு கம்மிங்கறதையும் சொல்லிடறேன்.

டிராப் பண்ணிட்டு ஒரு மணி நேரம் கழிச்சு வந்து கூட்டிட்டு போகலாமா?

ட்ரூப்பை பொறுத்தது, ஆனா இந்த கேள்விலயே ஒரு சிக்கல் இருக்கு. நம்ம ஆளுங்க இதை கும்மான், ஸ்விம்மிங், அபாகஸ் வரிசைல இன்னொரு க்ளாஸா நினைச்சுடறாங்க. ஃபீஸ் கட்டியாச்சு, கத்துக்குடுக்கறது உங்க பொறுப்புன்னு. இதுல கத்துக்குடுக்க யாரும் சம்பளத்துக்கு இல்லைங்க. ட்ரூப் லீடர் காலைல உங்கள மாதிரியே ஸ்டாண்டப் மீட்டிங் முடிச்சுட்டு, சாயங்காலம் க்ளூ ஸ்டிக் வாங்க டார்கெட் கடைக்கு ஓடற ஆள்.

அதுவும் போக, எத்தனை குழந்தைக்கு எத்தனை பெரியவங்கங்கறதுக்கு கணக்கு இருக்கு. டெய்சிங்கன்னா மீட்டிங்ல 12 பேருக்கு ரெண்டு பெரியவங்க, வெளில கூட்டிட்டு போனா 6 பேருக்கே ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேரும் ஒரே குடும்பமா இருக்கக்கூடாது, ஒருத்தராவது பெண்ணா இருக்கணும், ரெண்டு பேருக்கும் பேக்ரவுண்ட் செக் முடிஞ்சிருக்கணும். புருஷன் பொண்டாட்டி சேர்ந்து நடத்தறோம்னா அது ஒரு ஆள் கணக்குதான். அதனால ஒரு அம்மா கடைசி நேரத்துல வரலைன்னு மெசேஜ் போட்டா மொத்த ட்ரிப்பும் கேன்சல். பம்ப்கின் பேட்ச் போறோம்னு காலைலேருந்து குதிச்சிட்டு இருந்த பன்னெண்டு குழந்தைங்க கிட்ட போய் யார் சொல்றது?

எல்லாரும் லீடர் ஆக வேண்டாம். ஒருத்தர் கணக்கு பாக்கட்டும், ஒருத்தர் குக்கி, ஒருத்தர் ஃபர்ஸ்ட் எய்ட் ட்ரெய்னிங் எடுத்து வெச்சுக்கட்டும். ஏதாவது ஒண்ணை எடுத்துக்கோங்க.

மீட்டிங்ல அப்படி என்னதான் பண்றாங்க?

வட்டமா நின்னு ப்ராமிஸ் (உறுதிமொழி) சொல்வாங்க, அப்புறம் லா (எப்படி நடந்துக்கணும்ங்கற விதி) சொல்வாங்க. நேர்மையா இருப்பேன், சொல்றதுக்கும் செய்யறதுக்கும் பொறுப்பேத்துப்பேன், இருக்கறதை வீணாக்காம பயன்படுத்துவேன், மத்த ஸ்கவுட்டுக்கு அக்கா தங்கச்சியா இருப்பேன்னு பத்து விஷயம் வரும். டெய்சிங்களுக்கு அந்த பத்துக்கும் பத்து இதழ், நடுவுல ப்ராமிஸுக்கு ஒரு வட்டம், ஒவ்வொண்ணா வெஸ்ட்ல ஒட்டிட்டே வந்தா பூ முழுசாயிடும். அப்புறம் அன்னிக்கு எடுத்திருக்கற பேட்ஜ் வேலை, ஒரு விஷயத்தை கத்து முடிச்சா அதுக்கு ஒரு பேட்ஜ். முதலுதவி, சமையல், கோடிங், பூச்சி, பட்ஜெட், கேம்ப்பிங், என்ன வேணா இருக்கு. கடைசில கை கோத்து நின்னு ஒருத்தர் அடுத்தவர் கையை அழுத்த, அது வட்டம் சுத்தி வர, முடிஞ்சது.

பேட்ஜ் வெஸ்ட்டோட முன்பக்கம் போகும், சும்மா ஜாலிக்கு போன எடத்து பேட்ச் பின்பக்கம். அயர்ன் பண்ணா ஒட்டும்னு போட்டிருக்கும், நம்பாதீங்க, ரெண்டு துவையல்ல உதிரும். ஊசி நூல் எடுத்து தைச்சுடுங்க. அதைவிட உங்க பொண்ணையே தைக்க விடுங்க, கோணலா இருந்தா இருக்கட்டும்.

"கேரக்டர் பில்டிங்"னு பெருசா சொல்றாங்களே, உண்மையிலயே ஏதாவது மாறுதா?

ஒரு மீட்டிங்ல மாறாது, ஒரு வருஷத்துலயும் பெருசா தெரியாது. இதுல எது வேலை செய்யுதுன்னு எனக்கு தோணறதை சொல்றேன்.

வேலை பிரிக்கற ஒரு சார்ட் உண்டு, கேப்பர் சார்ட்னு சொல்வாங்க. இன்னிக்கு யார் ஸ்நாக்ஸ் குடுக்கறது, யார் பெருக்கறது, யார் கொடி பிடிக்கறது எல்லாம் சுத்தி வரும். வீட்ல தட்டு கூட எடுத்து வைக்காத குழந்தை இங்க துடைப்பத்தோட நிக்கும், ஏன்னா பக்கத்துல நிக்கற ஃப்ரெண்டும் பெருக்கறா. கேம்ப் போனா இதே சார்ட்ல டாய்லெட் க்ளீன் பண்றதும் இருக்கும். "என் பொண்ணை கக்கூஸ் கழுவ விட்டீங்களா"ன்னு ஒரு பாட்டி கோவிச்சுக்கிட்டதும் உண்டு. ஆமாம் பாட்டி, எல்லார் பொண்ணும்தான் கழுவுச்சு, டாக்டர் பொண்ணும் கழுவுச்சு.

ரெண்டாவது, முடிவு எடுக்கறது. குக்கி வித்த காசுல என்ன பண்ணலாம்னு பெரியவங்க முடிவு பண்ணக்கூடாது, பொண்ணுங்க உக்காந்து பேசி ஓட்டு போடணும். ஒம்பது வயசு பொண்ணுங்க பன்னெண்டு பேர் ட்ராம்போலின் பார்க்கா, அனிமல் ஷெல்டருக்கு போர்வை வாங்கறதா, மான்டரே பே அக்வேரியமான்னு முக்கா மணி நேரம் சண்டை போடறதை வாய மூடிட்டு பாக்கறது இருக்கே, அது பெத்தவங்களுக்குத்தான் கேரக்டர் பில்டிங். ஓரமா நிக்கற அம்மா ஒருத்தங்க கண்டிப்பா "அக்வேரியம் சொல்லுடி, எஜுகேஷனல்"னு கண் ஜாடை காட்டுவாங்க. ப்ளீஸ், காட்டாதீங்க. ஓட்டுல தோத்த பொண்ணு மூஞ்சிய தூக்கி வெச்சுக்கிட்டு வரும், ட்ராம்போலின்ல போய் அஞ்சு நிமிஷத்துல சிரிக்கும். தோத்த பிறகும் கூட்டத்தோட இருக்கறதுன்னா என்னன்னு அது அங்கதான் பழகுது, நான் சொல்லி பழகலை.

மூணாவது, வருஷக்கணக்கா அதே பத்து பதினஞ்சு பேரோட இருக்கறது. ஸ்கூல்ல க்ளாஸ் மாறும், மிடில் ஸ்கூல் போனா க்ரூப்பே மாறும், ஆறாவது ஏழாவதுல பொண்ணுங்களுக்குள்ள நடக்கற அரசியல் கொஞ்ச நஞ்சம் இல்லை. அந்த நேரத்துல, லஞ்ச் டேபிள்ல இடம் கிடைக்காத பொண்ணுக்கு, டெய்சிலேருந்து கூட வளர்ந்த நாலு பேர் வேற எடத்துல இருக்காங்கங்கறது பெரிய தெம்பு. எல்லா ட்ரூப்லயும் இப்படி அமையும்னு சொல்ல மாட்டேன், கடெட் வயசுலதான் நிறைய ட்ரூப் உடையவும் செய்யுது.

குக்கி விக்கறது கட்டாயமா? குழந்தையை வெச்சு பிசினஸ் பண்றாங்கன்னு எங்க மாமனார் சொல்றார்.

கட்டாயம் இல்லை. மாமனார் சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு, ஆனா முழுசா இல்லை.

இது 1917ல ஓக்லஹோமால மஸ்கோகிங்கற ஊர்ல ஒரு ட்ரூப் வீட்ல சுட்டு ஸ்கூல்ல வித்ததுல ஆரம்பிச்சது. இப்ப நாடு முழுக்க வருஷத்துக்கு 20 கோடி டப்பா அளவுக்கு போகுது. லிட்டில் பிரவுனி பேக்கர்ஸ், ஏபிசி பேக்கர்ஸ்னு ரெண்டே கம்பெனிதான் லைசென்ஸ் வாங்கி பண்றாங்க, அதனாலதான் நீங்க சமோவாஸ்னு சொல்ற குக்கியை வேற ஸ்டேட்ல இருக்கற உங்க தங்கச்சி கேரமல் டிலைட்ஸ்னு சொல்வாங்க. பேக்கரிக்கு போனது போக மீதி பணம் உள்ளூர்லயே இருக்கும், பெரும் பங்கு கவுன்சிலுக்கு, கேம்ப் எடத்தை பராமரிக்க, ட்ரெய்னிங், உதவித்தொகைக்கு. ட்ரூப் கைக்கு டப்பாவுக்கு ஒரு டாலர் சொச்சம் வந்தா பெருசு. இந்த பங்கு கம்மிங்கறது எல்லா லீடரும் புலம்பறதுதான், நானும் புலம்புவேன்.

நம்ம ஆளுங்களுக்கு புரிய வைக்க கஷ்டப்படற விஷயம் ஒண்ணு: ட்ரூப்புக்கு வர்ற காசு ட்ரூப்போடது. "என் பொண்ணு 500 டப்பா வித்தா, அவ பங்கை தனியா குடுங்க"ன்னு கேக்க முடியாது. அமெரிக்க வரி சட்டப்படி இந்த மாதிரி லாப நோக்கம் இல்லாத அமைப்புல திரட்டற பணம் தனி ஆளுக்கு போகக்கூடாது. 20 டப்பா வித்த பொண்ணும் அதே ட்ரிப்புக்கு வருவா. இது அநியாயம்னு உங்களுக்கு தோணினா, அதை பொண்ணு முன்னாடி மட்டும் பேசிடாதீங்க.

இன்னும் ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, கையெழுத்து போட்டு எடுத்துட்டு போன டப்பாவை வழக்கமா திருப்பி வாங்க மாட்டாங்க, காசு உங்க பொறுப்பு. முதல் வருஷ உற்சாகத்துல கராஜ் நிறைய அடுக்கிட்டு ஏப்ரல் வரைக்கும் நீங்களே தின்னுட்டு இருக்காதீங்க. இன்னொண்ணு, அப்பா ஆஃபீஸ் ப்ரேக் ரூம்ல ஷீட்டை வெச்சு 300 டப்பா முடிச்சுட்டு வர்றது. அப்பாவுக்கு பெருமைதான், ஆனா பொண்ணு என்ன கத்துக்கிச்சு? சேஃப்வே கடை வாசல்ல மழைத் தூறல்ல பூத் போட்டு நின்னு, பத்து பேர் மூஞ்சிய திருப்பிட்டு போன பிறகு பதினோராவது ஆள் கிட்டயும் சிரிச்சுட்டே கேட்டு, இருபது டாலருக்கு மீதி சில்லறை எண்ணி குடுக்கறதுதான் விஷயம். கணக்கு க்ளாஸ்ல முழு மார்க் வாங்கற பொண்ணு முதல் தடவை சில்லறை குடுக்க திணறும், பாருங்க.

குக்கி சைவமா?

தின் மின்ட்ஸ்ங்கற குக்கி வீகன் (பால், முட்டை கூட இல்லாதது), ரெண்டு பேக்கரியோடதும். மத்ததுக்கு டப்பா பின்னாடி படிச்சுக்கோங்க, எதுல பால் இருக்கு, கடலை இருக்குன்னு தெளிவா போட்டிருக்கும். அலர்ஜி இருக்கற குழந்தைங்க வீட்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

குக்கிய விட மார்ஷ்மெல்லோவைத்தான் நம்ம வீடுகள்ல கவனிக்கணும். கேம்ப்ஃபயர்னா ஸ்மோர்ஸ் (நெருப்புல வாட்டின மார்ஷ்மெல்லோவை பிஸ்கட் நடுவுல வெச்சு தின்றது) இல்லாம இருக்காது, சாதா மார்ஷ்மெல்லோல ஜெலட்டின் இருக்கு, அது மாட்டுலேருந்தோ பன்னிலேருந்தோ எடுக்கறது. சைவக்காரங்களுக்கும் ஹலால் பாக்கறவங்களுக்கும் ஆகாது. வீகன் மார்ஷ்மெல்லோ கடைல கிடைக்குது, ஒரு பாக்கெட் பையில போட்டு அனுப்பிடுங்க. லீடர் கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொன்னா மொத்தமா அதையே வாங்கிடுவாங்க.

ராத்திரி தங்கற கேம்ப்புக்கு அனுப்ப பயமா இருக்கு.

பயப்படறதுல தப்பே இல்லை. ஸ்லீப்ஓவர்னாலே நம்ம வீடுகள்ல முடியாதுதான் முதல் பதில். அதனால கேம்ப்பும் அப்படித்தான்னு நினைச்சுக்கறோம். தெரியாத வீட்ல தங்க விடறது வேற, இது வேற. பேக்ரவுண்ட் செக் முடிஞ்ச ரெண்டு பெரியவங்களாவது எப்பவும் இருப்பாங்க, ஃபர்ஸ்ட் எய்ட் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கணும், ஒவ்வொரு ட்ரிப்புக்கும் நீங்க தனியா பர்மிஷன் ஸ்லிப் போடணும், பாத்ரூம் போனா கூட ஜோடியாத்தான் போகணும். எடுத்தவுடனே யாரும் காட்டுக்குள்ள கூட்டிட்டு போக மாட்டாங்க. முதல்ல பகல் பூரா ஒரு ஹைக், அப்புறம் யாராவது வீட்டு பின்பக்கம் டென்ட், அப்புறம் கேபின்ல ஒரு ராத்திரி, அப்புறம்தான் மத்ததெல்லாம். நார்தர்ன் கலிஃபோர்னியா கவுன்சிலுக்கு மரின் பக்கம் ஃபேர்ஃபேக்ஸ்ல பாதின் (Bothin)ங்கற கேம்ப் எடம் இருக்கு, கடற்கரை பக்கம் குதிரை எல்லாம் வெச்சு ஸ்கைலார்க் ராஞ்ச், சியர்ரா மலைல சுகர் பைன்.

மாத்திரை விஷயம் சொல்லிடறேன். ஊர்லேருந்து கொண்டு வந்த டோலோவை ஜிப்லாக்ல போட்டு பொண்ணு பையில ஒளிச்சு வைக்கற பழக்கத்தை விடுங்க. எந்த மருந்தா இருந்தாலும் அதோட ஒரிஜினல் டப்பால, நீங்க எழுதி குடுத்த பேப்பரோட, பெரியவங்க கையில குடுக்கணும். விக்ஸ் கூட.

பீரியட்ஸ் பத்தி நேரா கேக்க கூச்சப்பட்டுட்டு நிறைய அம்மாங்க சுத்தி வளைச்சு கேப்பாங்க. அஞ்சாவது ஆறாவது பொண்ணுங்களோட ட்ரிப் போற எந்த லீடரும் பேட், மாத்து துணி இல்லாம கிளம்ப மாட்டாங்க. நீங்களும் ஒரு சின்ன பையில போட்டு, எப்படி வெக்கறதுன்னு வீட்லயே சொல்லிக்குடுத்து அனுப்புங்க. முதல் தடவை கேம்ப்ல வந்துடுச்சுன்னா என்ன பண்றதுன்னா, ஒண்ணும் ஆகாது, பக்கத்துல இருக்கற பொண்ணுங்க பாத்துக்கறாங்க, நாம வயசுக்கு வந்தப்போ நடந்த கலாட்டாவோட ஒப்பிட்டா எவ்வளவோ நிம்மதியா நடக்குது. வீட்ல சடங்கு செய்யணும்னா திரும்பி வந்து செஞ்சுக்கோங்க.

ப்ராமிஸ்ல "காட்" வருதே? இது சர்ச் சம்பந்தப்பட்டதா?

இல்லை. மதம் சாராத அமைப்பு, மீட்டிங் சர்ச் ஹால்ல நடக்கலாம், அது வாடகை கம்மிங்கறதுக்காக. காட்ங்கற எடத்துல அவங்கவங்க நம்பிக்கைக்கு ஏத்த வார்த்தைய சொல்லிக்கலாம்னு 1993லயே ஓட்டு போட்டு ஒத்துக்கிட்டாங்க. எங்க ட்ரூப்ல அல்லான்னு சொல்ற பொண்ணும் உண்டு, அந்த வார்த்தைய விட்டுட்டு சொல்ற பொண்ணும் உண்டு.

நாங்க எச்1பி வேலை விசா, பொண்ணு அதோட கூட வர்ற எச்4 குடும்ப விசா. சேர்க்கலாமா?

தாராளமா. சிட்டிசன்ஷிப் எல்லாம் கேக்கறதில்லை. அம்மா எச்4ல வேலை செய்ய முடியாம வீட்ல இருந்தா, லீடரா இருக்கலாமான்னும் கேக்கறாங்க. இது சம்பளம் இல்லாத தொண்டு, நிறைய பேர் அப்படித்தான் இருக்காங்க. சந்தேகம் இருந்தா உங்க வக்கீலை கேட்டுக்கோங்க.

எல்லாரும் தமிழ் பொண்ணுங்களா இருக்கற ட்ரூப் கிடைக்குமா?

ஃப்ரீமான்ட், சான் ரமோன், கூப்பர்டினோ பக்கம் இந்தியக் குழந்தைங்க நிறைஞ்ச ட்ரூப் பாக்கலாம். வசதிதான். சாப்பாடு பிரச்சனை இல்லை, தீபாவளி அன்னிக்கு மீட்டிங் வெக்க மாட்டாங்க. ஆனா என் அபிப்பிராயம் கேட்டா, கலந்து இருக்கறதுல சேருங்க. வார இறுதி பூரா தமிழ்ப் பள்ளி, பாட்டு க்ளாஸ், பர்த்டே பார்ட்டின்னு நம்ம கூட்டத்துலயேதான் சுத்தறோம். மெக்ஸிகோ அம்மா வீட்டு கராஜ்ல, வியட்நாம் பாட்டி செஞ்ச ஸ்நாக்ஸை தின்னுட்டு, உயரமான ஐரிஷ் அப்பா டென்ட் அடிக்க சொல்லிக்குடுக்கற மாதிரி ஒரு எடம் உங்க பொண்ணுக்கு வேற எங்க கிடைக்கும்? உங்களுக்கும்தான். இருபது வருஷமா இந்த நாட்ல இருந்தும் பக்கத்து வீட்டுக்காரங்க பேர் தெரியாம இருக்கறவங்கள எனக்கு தெரியும்.

டைம் இல்லையே. தமிழ்ப் பள்ளி, டான்ஸ், மேத்...

மாசத்துக்கு ரெண்டு மீட்டிங்தான் பெரும்பாலும். பிப்ரவரி மார்ச்சுல மட்டும் குக்கியால வீக்கெண்ட் போகும். அதுவும் முடியலைன்னா வேண்டாம், எல்லா குழந்தையும் எல்லாத்துலயும் இருக்கணும்னு சட்டம் இல்லை.

பாய் ஸ்கவுட்ஸ்லயே இப்ப பொண்ணுங்களை சேக்கறாங்களாமே?

ஆமாம், சின்ன வயசு கப் ஸ்கவுட்ஸ்ல 2018லேருந்து, அதுக்கு மேல வயசு பொண்ணுங்களுக்கு 2019லேருந்து. 2025ல பேரையே ஸ்கவுட்டிங் அமெரிக்கான்னு மாத்திட்டாங்க. ரெண்டும் தனித்தனி அமைப்பு, பேர் விஷயமா கோர்ட் வரைக்கும் போய் கேர்ள் ஸ்கவுட்ஸ் தோத்துச்சு. அண்ணன் தம்பி ஏற்கனவே அங்க இருந்தா குடும்பமா ஒரே எடத்துக்கு போறது சுலபம். காடு மலைன்னு அலையறதுல மட்டும் ஆசை இருக்கற பொண்ணுக்கு அதுவும் நல்லாத்தான் இருக்கும். பொண்ணுங்க மட்டுமே இருக்கற எடத்துல முன்னாடி வந்து பேசற பொண்ணு, பசங்க இருந்தா பின்னாடி போயிடறதை பாத்திருக்கேன், எல்லாரும் அப்படி இல்லை. உங்க பொண்ணு எப்படின்னு உங்களுக்குத்தான் தெரியும்.

கோல்ட் அவார்ட் வாங்கினா காலேஜ் அட்மிஷனுக்கு உதவுமா?

வந்துட்டீங்களா இதுக்கு. டெய்சி அம்மாவே கேக்கறாங்க இதை, குழந்தைக்கு ஷூ லேஸ் கட்ட தெரியாது இன்னும்.

மூணு பெரிய அவார்ட் இருக்கு. ஜூனியர்ல பிரான்ஸ், அது டீமா பண்றது. கடெட்ல சில்வர். சீனியர், அம்பாசடர்ல கோல்ட், இது தனியா பண்ணணும், குறைஞ்சது 80 மணி நேரம்னு சொல்றாங்க, நிறைய பேருக்கு அதுக்கு மேலயே ஆகுது. ஸ்காலர்ஷிப் தர்ற எடங்கள் இருக்கு, ராணுவத்துல சேர்ந்தா ஒரு படி மேல ஆரம்பிக்கலாம். காலேஜ் அப்ளிகேஷன்ல போட்டா மதிப்பு இருக்கும், ஆனா அதுக்குன்னே பண்ணது படிக்கறவங்களுக்கு தெரிஞ்சுடும்.

என்ன மாதிரி ப்ராஜெக்ட்டுன்னா, அக்கம்பக்கத்துல இருக்கற ஒரு பிரச்சனையை எடுத்து, அதோட வேர் என்னன்னு பாத்து, தான் காலேஜ் போன பிறகும் தொடர்ற மாதிரி ஒரு ஏற்பாடு பண்ணணும். இங்கதான் நம்ம வீடுகள்ல ஒரு ஐடியா தவறாம வரும், "தாத்தா ஊர் ஸ்கூலுக்கு பணம் திரட்டி கம்ப்யூட்டர் வாங்கி குடுக்கலாம்". நல்ல மனசுதான், ஆனா ஒத்துக்க மாட்டாங்க. கேர்ள் ஸ்கவுட்டா இருந்துக்கிட்டு வேற அமைப்புக்காக பணம் கேட்டு திரட்டக்கூடாதுங்கறது விதி. ஊர் ஸ்கூல்தான் வேணும்னா, அங்க இருக்கற டீச்சர்ங்களோட பேசி, எட்டாவது பொண்ணுங்களுக்கு ஒரு பாடத்திட்டம் தயார் பண்ணி, அதை அவங்களே வருஷா வருஷம் நடத்தற மாதிரி பண்ணா அது வேற. பணம் அனுப்பறதை விட பத்து மடங்கு கஷ்டம், ராத்திரி பதினோரு மணிக்கு ஜூம் கால்ல டீச்சர் நெட் கட்டாகும், அதுதான் ப்ராஜெக்ட்.

அப்புறம் ஒண்ணு, அப்பா பவர்பாயின்ட் போட்டு குடுத்து, அம்மா ஈமெயில் எழுதி, பொண்ணு போட்டோக்கு நின்ன கோல்ட் அவார்டும் பாத்திருக்கோம். ரிவ்யூ பண்ற வாலண்டியர்ங்க உக்கார வெச்சு கேள்வி கேப்பாங்க. அப்ப பாவம், அந்த பொண்ணு முழிக்கும்.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது, நான் எப்படி லீடரா இருக்கறது?

வரும் வரைக்கும் கோ லீடரா இருங்க. குழந்தைங்களுக்கு உங்க கிராமர் முக்கியம் இல்லை. கோலம் போட தெரிஞ்ச ஒரு அம்மா ஒரு நாள் வந்து புள்ளி வெச்சு சொல்லிக்குடுத்தாங்க, அந்த வருஷம் பிரவுனிங்களுக்கு அதை விட பிடிச்ச மீட்டிங் வேற இல்லை. பார்க்கிங் லாட் பூரா சாக்பீஸ்தான்.

பெரிசா ஊர் சுத்தற மாதிரி ஏதாவது உண்டா?

ஜூனியர் முடிச்சு கடெட்டுக்கு போறப்போ கோல்டன் கேட் பாலத்துல நடந்து போற விழா இந்த கவுன்சில்ல உண்டு, வேற ஸ்டேட்லேருந்தெல்லாம் வருவாங்க. காத்து பிச்சுக்கிட்டு போகும், ஸ்வெட்டர் இல்லாம போகாதீங்க. உலக அளவுல பாத்தா சாரணியர் இயக்கத்துக்குன்னு சில வேர்ல்ட் சென்டர் இருக்கு, சுவிட்சர்லாந்துல அவர் ஷேலே (Our Chalet), லண்டன்ல பேக்ஸ் லாட்ஜ், அதுல ஒண்ணு நம்ம புனேல இருக்கற சங்கம், 1966ல திறந்தது. லீவுக்கு ஊருக்கு போறவங்க, பொண்ணு கொஞ்சம் பெரியவளானதும் அங்க நடக்கற ப்ரோக்ராம் என்னன்னு பாத்து வெச்சுக்கோங்க, பல நாட்டு பொண்ணுங்க வந்து தங்கற எடம். பிப்ரவரி 22 வேர்ல்ட் திங்கிங் டே அன்னிக்கு ஒவ்வொரு ட்ரூப்பும் ஒரு நாட்டை எடுத்து ஸ்டால் போடும், யார் இந்தியா எடுக்கறதுன்னு இங்க அடிதடி நடக்கும்.

சேர்ந்த பிறகு பிடிக்கலைன்னா? ட்ரூப்ல இடமே இல்லைன்னா?

கட்டின மெம்பர்ஷிப் காசு திரும்ப வரும்னு எதிர்பாக்காதீங்க. ஆனா மெம்பர்ஷிப் பொண்ணு பேர்ல இருக்கறது, ட்ரூப் பேர்ல இல்லை, அதனால நடு வருஷத்துல வேற ட்ரூப்புக்கு மாறலாம். மாறறதுக்கு முன்னாடி லீடர் கிட்ட ஒரு தடவை மனசு விட்டு பேசிடுங்க, பாதி நேரம் மீட்டிங் நாளை மாத்தினாலே சரியாப் போற விஷயமா இருக்கும். இடம் இல்லைன்னு சொன்னா ரெண்டு வழி. ட்ரூப் இல்லாம தனியாவே ரெஜிஸ்டர் பண்ணி பேட்ஜ், கேம்ப், குக்கி எல்லாம் பண்ணலாம், அந்த மாதிரி பொண்ணுங்கள ஜூலியட்டுன்னு கூப்பிடுவாங்க. இல்லைன்னா அதே மாதிரி இடம் கிடைக்காத இன்னும் நாலு அஞ்சு வீட்டை சேத்துக்கிட்டு, ரெண்டு அம்மாங்க கை தூக்கினா புது ட்ரூப். பேக்ரவுண்ட் செக், ஆன்லைன் ட்ரெய்னிங், பேங்க் அக்கவுன்ட் எல்லாத்துக்கும் கவுன்சில்ல ஆள் இருக்காங்க, வழி சொல்லிடுவாங்க. செப்டம்பர் முடியறதுக்குள்ள ஆரம்பிச்சீங்கன்னா குக்கிக்கு முன்னாடி மூச்சு விட நேரம் கிடைக்கும்.